கமறாத மிளகாய்

துஷானியைச் சும்மா சொல்லக்கூடாது, பிள்ளை கெட்டிக்காரி. ஸ்டுட்கார்ட்டில் அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஆங்கில வகுப்புக்கு ஒரு பழைய நாடகம் பாடமாக வந்தது. சில பெட்டைகள் தாங்கள் செய்த கள்ளவேலை பிடிபடாமல் இருக்க மயங்கி விழுந்து, அப்பாவிச் சனத்தைச் சூனியக்காரர் என்று கைகாட்டுவார்கள். ஊரே வெறிபிடித்து அந்தச் சனத்தைத் தூக்கிலே போடும். நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ஆசிரியை கேட்க, எல்லாரும் உண்மையைச் சொல்லியிருப்போம் என்றார்கள். பென்ஜமின் என்ற பெடியன் மட்டும், தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன் என்றான். கோழை என்று அவனுடைய முகத்துக்கு நேரே சொன்னாள் துஷானி.

இந்தப் பெட்டைக்கு அந்த வருஷம் பரதநாட்டிய அரங்கேற்றம். மண்டபம் பிடித்தாச்சு, அழைப்பிதழும் அடித்தாச்சு. உடுப்புப் போட்டால் வயிறு தெரியுது என்று யாரோ சிரித்த நாளிலிருந்து அவள் சாப்பாட்டை விட்டாள். தாய் இராஜேஸ்வரி விடியவெள்ளன எழும்பிக் கட்டிக்கொடுக்கிற இடியப்பம் பஸ் தரிப்பிடத்துக் குப்பைத்தொட்டிக்குப் போனது. இதைக் கண்டுபிடித்தது ஒரேயொரு ஆள், உடுப்புத் தைக்கிற கமலநாயகி. புருஷன் செத்து, பிள்ளை குட்டி இல்லாமல் தனிய இருக்கிற மனுசி. இடுப்பிலே பிடித்துத் தைத்த உடுப்பு திரும்பவும் தொளதொளவென்று நிற்க, ஊசியை வைத்துவிட்டுப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ஒழுங்காகச் சாப்பிடு, இல்லாவிட்டால் அம்மாவிடம் சொல்லுவேன் என்றாள். சொன்னால் டாக்குத்தர், ஆஸ்பத்திரி, அரங்கேற்றம் அம்போ.

அடுத்த ஒத்திகையிலேயே மயங்கி விழுந்தாள். இராஜேஸ்வரி வேறொன்றும் யோசிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து இருத்தி, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துத் தலையைச் சுற்றி, சட்டியிலே போட்டுக் கருக்கினாள். கமறி இருமல் வந்தால் ஒன்றுமில்லை, கமறாவிட்டால் நாவூறு, ஆரோ கண் வைத்திருக்கினம். ஊரிலே முற்றத்து நெருப்பில் போடுவார்கள்; இது மூன்றாம் மாடி. புகை எழும்பினால் கூரையில் இருக்கிற ரவுக்மெல்டர், அந்தப் புகைமணி, கத்தும், கீழ்வீட்டுக் கிழவி பொலிசைக் கூப்பிடுவாள். அதனாலே அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற மெசினை முழு வேகத்தில் போட்டுவிட்டுத்தான் மிளகாய் கருக்கினாள். பிறகு எங்கே கமறுவது? ஒரு தும்மல்கூட வரவில்லை. பொல்லாத நாவூறு என்று தலையிலே கைவைத்தாள். ஆர் பார்த்தது, ஆர் என்ன சொன்னது என்று மகளைத் துருவித் துருவிக் கேட்டாள்.

மெசின் இரைகிற சத்தம் துஷானிக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை நிப்பாட்டிப்போட்டுக் கருக்கிப் பாருங்கோ அம்மா என்று சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்?

"கமலநாயகி அக்கா என்ரை இடுப்பைப் பிடிச்சுப் பார்த்து ஏதோ சொன்னவா" என்றாள்.

கோயில் மடைப்பள்ளியில் இராஜேஸ்வரி வாய்விட, தாய்மாரின் வாட்ஸ்அப்பிலே அது பற்றிக்கொண்டது. ஒருத்தியின் மகளுக்குக் காய்ச்சல் வந்தது கமலநாயகி சட்டை தைத்த கிழமையாம். இன்னொருத்திக்குக் கரு தங்காமல் போனது அவள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகாம். குண்டூசியை வாயிலே கவ்விக்கொண்டு தேவாரம் முணுமுணுப்பாளே, அது தேவாரம் இல்லையாம், மந்திரமாம். தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திருப்பி எடுத்தார்கள். அன்னதானப் பந்தியில் அவள் இருந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பி மாறி இருந்தார்கள். வேறு பெட்டைகளும் ஒத்திகையில் தலைசுத்துது என்று படுத்தார்கள், அவர்களையும் நம்பினார்கள். படிச்ச சனம், பாருங்கோ. இஞ்சினியரும் நேர்சும் வங்கியிலே வேலை செய்கிறவர்களும்.

நாடகத்துப் பெட்டைகள் ஏன் பொய் சொன்னார்கள் என்று துஷானி அந்த நாட்களில்தான் கட்டுரை எழுதினாள். அடிக்குப் பயந்து சொன்ன பொய்யை ஊர் நம்பத் தொடங்க, அவர்களுக்கு அது ருசித்துப்போகிறது என்று விளாசியிருந்தாள். வகுப்பிலேயே கூடின புள்ளி. அதை எழுத அவளுக்குக் கை நடுங்கவில்லையே, எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு பின்னேரம் கமலநாயகி தைத்து முடித்த உடுப்போடு வாசலில் வந்து நின்றாள். இராஜேஸ்வரி கதவை அரைவாசிதான் திறந்தாள். மனுசி கெஞ்சவில்லை, தனக்கு நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

"தங்கச்சி, என்னை என்னவெண்டாலும் சொல்லுங்கோ. பிள்ளை சாப்பிடுறேல்லை. உருகிப்போனாள். டாக்குத்தரிட்டைக் காட்டுங்கோ."

இராஜேஸ்வரிக்கு முகம் சிவந்தது. "என்ரை பிள்ளையின்ரை சாப்பாட்டிலையும் கண் வைச்சிட்டியோ?"

கமலநாயகி அவளுக்குப் பின்னால் நின்ற துஷானியைப் பார்த்தாள். "நீயே சொல்லு பிள்ளை" என்றாள்.

தாயும் திரும்பினாள். மகளின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தோளெலும்பைப் பார்த்தாள், அங்கேயே பார்வை நின்றது. தாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று துஷானிக்கு விளங்கியது. இனிக் கேட்பாள், கேட்டால் மறைக்க ஏலாது.

கண்ணை மேலே செருகிக்கொண்டு, தலை அடிபடாமல் பார்த்து, கம்பளத்திலே விழுந்தாள்.

இராஜேஸ்வரி குழறி அழுதாள். கமலநாயகி உடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பிள்ளையின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, சீனித் தண்ணி கொண்டுவரச் சொன்னாள். தாய் தண்ணி கொண்டுவரவில்லை. வாசலில் கிடந்த செருப்பை எடுத்துக் கமலநாயகியை அடித்தாள். முகத்திலும் தோளிலும் அடி விழ விழ, பிள்ளைக்குப் படக்கூடாது என்று மனுசி குனிந்து அவளை மூடிக்கொண்டாள். அந்த மடியில் கிடந்த துஷானிக்கு ஒவ்வொரு அடியும் கேட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.