வலது காதும் இடது தோளும்

1

வலது காது விண் விண்ணென்று தெறிக்கிறது. இந்தக் கதை அந்த வலியிலிருந்து வந்தது. நெஞ்சின் ஆழத்திலிருந்து வந்தது என்றெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது. ஐந்து வாரத்துக்கு முன்னால் காதின் மேல்மடலில் ஓட்டை போட்டு ஒரு கம்மல் மாட்டிக்கொண்டேன். வயது நாற்பத்தொன்பது. மரக்கிடங்கில் உத்திரம் சுமக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய சரக்குச் சீட்டுகளின் முதுகில் கதை எழுதி, கிளிப்பில் கோத்து வைக்கிறேன்.

முதல் வரிக்கு மூன்று தடவை முட்டி மோதினேன்.

"அலுவலகம் கிளம்பும் அந்த இளம்பெண் கண்ணாடி முன் நின்று தன் புதிய மூக்குத்தியை—"

(வேண்டாம். அவளை எனக்குத் தெரியாது. அவள் மூக்கையும் தெரியாது.)

"ஊசி என்பது ஒரு கேள்வி. சதை என்பது அதற்கான—"

(ஊசி ஊசிதான்.)

"எனக்குப் பயமே இல்லை."

(பொய். ஆனால் இருக்கட்டும். இந்தக் கதைக்கு ஒரு பொய்தான் அச்சாணி. அது இதுவல்ல, வேறொன்று. வரும்.)

2

மகளுக்குப் பத்தொன்பது வயது. மேல்காதில் குத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு வருடம் நச்சரித்தாள். காது குத்தும் கடைக்குத் துணைக்குப் போனேன். நாற்காலியைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பயமா இருக்குப்பா."

"இதுல என்னடி பயம்? நாலு ஆள் தூக்குற கட்டையை நாங்க ரெண்டு பேர் தூக்குறோம். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும். தள்ளு, நான் முதல்ல உக்காருறேன்."

எறும்பு அல்ல. எறும்பு கடித்தால் நான் கத்த மாட்டேன். நான் கத்தவே இல்லை என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். மகள் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி வைத்தாள்: "கத்துனீங்க. பக்கத்து சலூன்ல ஷேவிங் நின்னு போச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அவள் வாசலுக்கு வெளியே நின்றாள்.

"உங்களுக்கு நல்லா ஆறட்டும்ப்பா. அப்புறம் நான் குத்திக்கிறேன்."

ஆக, என் காதில் கம்மல், அவள் காதில் காற்று. வலிக்கிறது என்று இதை நான் கழற்றினால் அந்தக் கதையை என் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்வாள். கழற்றக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

குத்தினவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "தொடாதீங்க. திருகாதீங்க. காலையிலயும் சாயங்காலமும் உப்புத்தண்ணி. அந்தப் பக்கம் படுக்காதீங்க. எதுவும் அதுல உரசக் கூடாது."

"எத்தனை நாளைக்குங்க?"

"குருத்தெலும்புங்க. ஆறு மாசம் ஆகும். ஒரு வருஷம்கூட ஆகலாம்."

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. குத்தியிருப்பது வலது காது. இருபத்தாறு வருடமாக நான் கட்டை சுமப்பது வலது தோளில். இந்தத் தொழில் செய்கிற எவனும் இந்தக் காதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான். எந்தப் பக்கம் என்று அவர் கேட்டபோது பழக்கத்தில் வலது பக்கத்தைக் காட்டிவிட்டேன்.

3

உத்திரத்தை இரண்டு பேர் சுமப்போம். முன்னால் நான், பின்னால் தராசு. இரண்டு பேரும் ஒரே பக்கத்துத் தோளில்தான் வைக்க வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொன்னதும் அந்தப் பக்கமாகவே கீழே தள்ளுவோம். ஒருவர் இடது, இன்னொருவர் வலது என்று நின்றால் கட்டை யார் கழுத்தைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. நான் மாறினால் அவரும் மாறியாக வேண்டும்.

தராசு என்பது பட்டப்பெயர். எதையும் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்வார். ஒரு தடவை முதலாளியின் கைக்குழந்தையைத் தூக்கிவிட்டு, "நேத்தைக்கு இன்னைக்கு நூறு கிராம் குறைஞ்சிருக்கு, வயித்தால போச்சா?" என்றார். போயிருந்தது.*

"அண்ணே, இடது தோளுக்கு மாத்திக்கலாமா?"

"ஏன், வலது தோளை வித்துட்டியா?"

காதைக் காட்டினேன். பக்கத்தில் வந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு, மாப்பிள்ளைக் களை வந்துருச்சு. பொண்ணு வீட்டுல எப்ப வரச் சொன்னாங்க?"

"அண்ணே…"

"எத்தனை நாளைக்குடா?"

"ஆறு வாரம்ண்ணே."

இதுதான் அந்தப் பொய். ஒரு மனுஷனிடம் ஆறு வாரம் இடது தோளைக் கேட்கலாம். ஒரு வருடம் கேட்க முடியாது. அவர் வலது தோளில் முப்பது வருடக் காய்ப்பு, ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். இடது தோள் பச்சைக் குழந்தை. முதல் வாரமே தோல் உரிந்தது. "உன் காது அறுந்து விழ" என்று திட்டிக்கொண்டே தூக்கினார்.

* இந்த எடை விஷயத்தை நம்ப முடியவில்லை என்று மகள் சொல்கிறாள். பாத்திரப் படைப்பில் சறுக்கிவிட்டேனாம். அவர் ஆள் அப்படி, நான் என்ன செய்ய?

(எழுதும்போது யோசனையில் காதைத் தொட்டுவிட்டேன். கை கழுவிவிட்டு வருகிறேன்.)

(கழுவியாயிற்று.)

4

உப்புத்தண்ணி வேலை மகளுடையது. செய்வது பஞ்சைப் பிழிந்து ஒற்றி எடுப்பதுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்கிற மாதிரி இருக்கும். "ஆடாதீங்க. பேசாதீங்க. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

தூக்கம்தான் கஷ்டம். எனக்கு வலது பக்கம் சுவர், இடது பக்கம் மனைவி. இத்தனை நாள் சுவரைப் பார்த்துத் தூங்கினேன். இப்போது அவளைப் பார்த்து.

மூன்றாம் நாள் காலையில் சொன்னாள்: "இருபது வருஷமா முதுகைத்தான் காட்டுனீங்க. இப்பதான் மூஞ்சியைப் பார்க்கிறேன். முதுகே தேவலாம். குறட்டைக் காத்து நேரா என் மேல அடிக்குது. திரும்பிப் படுங்க."

திரும்பினால் காது நசுங்கும். அப்போது வந்தது ஒரு யோசனை. தலைச்சுமைக்கு வைக்கிற சும்மாடு வட்டம்தானே, நடுவில் குழி இருக்கிறதே! தலையணைமேல் வைத்துக் குழிக்குள் காதை விட்டுப் படுத்தேன். சொர்க்கம். மூன்று நாள் சொர்க்கம். நான்காம் நாள் காது வாழைப்பூ நிறத்தில் வீங்கிவிட்டது. பத்து வருடத்து வியர்வையும் மரத்தூளும் ஊறிய துணி அது.

"கழட்டிரலாமா?" என்று காது குத்தினவரிடம் ஓடினேன்.

"கழட்டிடாதீங்க. ஓட்டை மூடிக்கிட்டா சீழ் உள்ளயே நின்னுடும். டாக்டர்கிட்ட காட்டுங்க."

டாக்டர் மாத்திரை எழுதினார். என்னைவிட அந்தச் சும்மாட்டைப் பற்றித்தான் நிறையக் கேட்டார்.

மறுநாள் தராசு ஒரு பொட்டலம் நீட்டினார். வெள்ளைவெளேரென்று ஒரு புதுச் சும்மாடு. கொதிக்கும் தண்ணீரில் துவைத்து, வெயிலில் காயவைத்து, இறுக்கித் திரித்தது. ஒரு ஓரத்தில் பொத்தான் தெரிந்தது.

"என்னண்ணே இது, சட்டையா?"

"கல்யாணத்துக்கு எடுத்தது. இப்ப என் கை ஒண்ணுதான் அதுக்குள்ள போகும். வச்சுக்க. ஆறு வாரத்துல ஆறணும்ல?"

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

5

முடிவைப் பற்றி.

காது ஆறிவிடுகிறது, மகள் கடைசியாக ஒருமுறை பஞ்சை ஒற்றிவிட்டு, "இனிமே உங்க பக்கத்துல உக்கார எனக்குக் காரணமே இல்லையேப்பா" என்று— (அடித்துவிட்டேன். படிக்கிறவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். ஆனால் அவள் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. "கிண்ணத்தைக் கழுவி வைங்க" என்பாள்.)

உண்மை தெரிந்ததும் தராசு, "எனக்கே காது குத்துறியா?" என்று— (இதுவும் வேண்டாம். மலிவு.)

கஷ்டம் என்னவென்றால், எழுதுவதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குத்தான் படித்துக் காட்டுகிறேன். ஒரு வருடம் என்று குத்தினவர் சொன்ன சீட்டையும், ஆறு வாரம் என்று நான் சொன்ன சீட்டையும் ஒவ்வொரு நாளும் தாண்டிப் படித்தேன்.

6

நேற்று நான் கை கழுவப் போயிருந்தபோது சீட்டுக் கட்டு அவர் கையில் இருந்தது. ஒரு தடவை தூக்கினார். இன்னொரு தடவை தூக்கினார்.

"பெரிய எழுத்தாளரே, நீ படிச்சது பதினாலு சீட்டு. இதுல பதினாறு இருக்கு."

"எண்ணுனீங்களாண்ணே?"

"நான் எதுக்கு எண்ணணும்? படி."

படித்தேன். அவர் மென்றுகொண்டே கேட்டார். ஷேவிங் நின்ற இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. முடித்ததும் டப்பாவை மூடினார்.

"எந்திரி. லாரி வந்துருச்சு."

பெரிய உத்திரம். நான் முன்னால் போய் இடது தோளைக் கொடுத்தேன். பின்முனை எழுந்தது. எந்தத் தோளில் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, அவன் திரும்பினால் கட்டையும் திரும்பும். நாற்பது அடி நடந்தோம். ஒரு திட்டுகூட இல்லை. திட்டாத தராசை நான் பார்த்ததே கிடையாது.

கட்டை அடுக்குகிற இடம் வந்தது. நின்றோம்.

"ஒண்ணு" என்றார்.

"ரெண்டு" என்றார்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதால் என் கழுத்து தப்பியது உங்களுக்கே தெரிந்திருக்கும். கட்டை இடது பக்கம் விழுந்ததா, கோணிக்கொண்டு நின்றதா, "தோளை மாத்துடா, படவா" என்று கத்தினாரா என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மூன்றும் அவருக்குப் பொருந்தும். கம்மல் இன்னும் காதில்தான் இருக்கிறது, மகள் இன்னும் குத்திக்கொள்ளவில்லை.

தராசுக்கு நான் ஐந்து வாரத்து இடது தோளும், ஒரு கல்யாணச் சட்டையும் கடன். இன்னும் தரவில்லை.