இத்ரீஸ் நேரில் வந்து சொல்வான்

முத்தாழிப்பட்டினத்தில் ஒரு குழந்தையின் உடம்பில் கத்தி படுவதற்கு முன்னால், அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயதில் வரப்போகும் குரலைக் கேட்டாக வேண்டும். உயிர் போகிற அவசரம் என்றால் கேட்பதில்லை. பிள்ளை பிழைத்தால்தானே குரல் வரும். காத்திருக்கக்கூடிய கத்திக்குத்தான் இந்த ஏற்பாடு. காதுகுத்து, சுன்னத்து, ஆறாவது விரலை எடுப்பது எல்லாம் இதில் அடங்கும்.

அந்தக் குரலைக் கூப்பிட்டுக் கொண்டுவருவது மக்பூலின் வேலை. மக்பூல் பன்னிரண்டாம் வகுப்பை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தான். ஊரில் அவன் பேசாத குரல் கிடையாது. மீன் ஏலக்காரர், பிரஷர் குக்கர், ரிவர்ஸில் வரும் வேன், எல்லாம் அவன் தொண்டையில் குடியிருந்தன. ஒருநாள் பள்ளிக்கூட மைக்கில் தலைமையாசிரியர் குரலில் விடுமுறை அறிவித்தான். அதைக் கேட்டுத் தலைமையாசிரியரும் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். "என் வாயால சொன்னதை நானே மீறலாமா?" என்று மறுநாள் கேட்டார். அதற்குத் தண்டனையாகத்தான் ஊர் ஆஸ்பத்திரியில் அவனைக் குழந்தைகளின் குரலாகப் போட்டார்கள்.

வேலை கடினமில்லை. அழுகிற குழந்தையின் வாய்க்கு நேரே காதை வைப்பான். தொண்டைக்குள் யாரோ மாடிப்படி ஏறி வருவது போலிருக்கும். அவன் வாயைத் திறந்தால் போதும், மற்றதை வருகிறவர் பார்த்துக்கொள்வார். இதைத் தன் திறமை என்று மக்பூல் டீக்கடையில் சொல்லிக்கொண்டான். வந்த விருந்தாளிக்காகக் கதவு பெருமைப்படுவது போலத்தான் அது என்று அவனுக்கே தெரியும்.

வருகிறவர்கள் பலவிதம். "இப்பவே முடிச்சிருங்க, ஞாபகம் வைக்கிற வயசு வரைக்கும் இழுக்காதீங்க" என்று ஒரு பையன் சுன்னத்துக்குச் சம்மதித்தான். காது குத்த வந்த ஒரு பெண்குழந்தை, "இடது காது மட்டும் போதும், வலது காதுல நான் போன் பேசணும்" என்றது. ஆறாவது விரல்காரன், "தொட்டீங்கன்னா தெரியும். நான் கீபோர்டு வாசிக்கிறேன்" என்றான். எல்லாவற்றுக்கும் டாக்டர் திலகவதி தலையாட்டினார்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. யாராவது குழந்தைக்காகப் பொய்க் குரலில் சம்மதம் சொல்லி, டாக்டர் தலையாட்டி அது செல்லுபடியாகிவிட்டால், அந்தப் பொய்க் குரலே பிள்ளைக்குக் காலம் முழுக்க நின்றுவிடும். மக்பூலுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் அவசரத்தில் ஒருமுறை இருமிவிட்டார். அந்தப் பிள்ளை இன்றைக்கு வங்கியில் வேலை பார்க்கிறான். இருமித்தான் கணக்குச் சொல்வான்.

மக்பூலின் அக்கா ருக்கையாவின் கைக்குழந்தையான மகன் இத்ரீஸுக்குச் சுன்னத்து என்று முடிவானது. முதல்நாள் சாயங்காலம் அவள் வந்து வாசலில் நின்றாள்.

"தம்பி, நாளைக்கு ஆமான்னு மட்டும் சொல்லிட்டு வந்துரு."

"அவன் சொல்றதைத்தான் ராத்தா சொல்ல முடியும்."

"ரொம்பத்தான் நேர்மை. என் குரல்ல பேசி வாப்பாகிட்ட பைக் சாவி வாங்குனப்ப எங்க போயிருந்துச்சு அது?"

மக்பூலிடம் ஊரில் எல்லாருடைய பதிலும் இருந்தது. அவன் பதில் மட்டும் கைவசம் இல்லை.

"மாமி ஊரையே அழைச்சிருக்காங்கடா. இவன் வேண்டாம்னுட்டா நான் அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்? நல்ல ஆம்பளைக் குரலா ஒண்ணு போட்டுச் சொல்லு. செய்தி வாசிக்கிறவர் மாதிரி. அதுவே அவனுக்கு நின்னாலும் நல்லாத்தானே இருக்கும்?"

மக்பூல் சரி என்றான். அது யார் குரலில் சொன்ன சரி என்று அவன் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி முற்றத்தில் சமையல்காரப் பண்டாரி பிரியாணித் தேக்சாவைத் தம்மில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். சம்மதக் குரல் வந்ததும் மூடியைத் திறக்க வேண்டும் என்பது ருக்கையாவின் மாமியாரான மாமியின் உத்தரவு. விருந்தாளிகள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

மக்பூல் அறைக்குள் நுழைந்ததும் மேலே பார்த்தான். எந்த அறைக்குப் போனாலும் முதலில் மேலேதான் பார்ப்பான். அவனுடைய சுன்னத்து அவன் ஆறு வயதில் வீட்டுக் கூடத்தில் நடந்தது. கத்தி படுகிற நேரம் பார்த்து, "அந்தா பாரு, கிளி!" என்று மேலே காட்டினார்கள். அவன் பார்த்தான். கிளி இல்லை. அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறான். ஊரில் சிலர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள், அவனும் மறுக்கவில்லை.

இந்த அறையில் மின்விசிறியின் மேல் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. குழந்தையிடம் பொய் சொல்லக் கூடாது என்பதால் ஆஸ்பத்திரி அதை வைத்திருந்தது.

டாக்டர் திலகவதி குழந்தையின் பக்கம் குனிந்தார். "இத்ரீஸ், உங்க உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இது காத்திருக்கக்கூடிய கத்தி. வீட்ல இப்பவே வேணும்னு ஆசைப்படுறாங்க. உங்க விருப்பம் என்ன?"

இத்ரீஸ் அழுதான். மக்பூல் காதை வைப்பது போல வைத்துவிட்டு, செய்தி வாசிக்கிறவரின் குரலைத் தொண்டையில் தயார் செய்து வாயைத் திறந்தான்.

"ஆமா, சீக்கிரம் முடிங்க. ஊரு பூரா வந்து உக்காந்திருக்கு."

மாமியின் குரல். எல்லாரும் மாமியைப் பார்த்தார்கள். அவர் வாய் மூடியிருந்தது. டாக்டர் தலையாட்டவில்லை.

மக்பூல் கனைத்துக்கொண்டு மறுபடி முயன்றான். "ஆமா, இன்னும் வச்சா அடிபிடிச்சிரும்" என்றது பண்டாரியின் குரல். முற்றத்திலிருந்து, "யாரு கூப்பிட்டது?" என்று பண்டாரி கேட்டார்.

மூன்றாவது முறை வந்தது ருக்கையாவின் மெல்லிய குரல். "ஆமா. இல்லேன்னா இந்த வீட்ல நான் எப்படி இருப்பேன்?"

ருக்கையா தலையைக் குனிந்துகொண்டாள். மாமி அவளையே பார்த்தார்.

"ஏன்மா, நான் அவ்வளவு பொல்லாதவளா?"

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேரப்பிள்ளை எங்க பிள்ளைன்னு ஊரு அறியணும், அவ்வளவுதான் எனக்கு. அதுக்காக அவன் மாப்பிள்ளையா உக்காந்து என் குரல்ல பேசினா பொண்ணு வீட்டார் எந்திரிச்சுப் போயிருவாங்க. தம்பி, ஒழுங்காக் கூப்பிடு."

மக்பூல் இந்தமுறை காதை உண்மையாகவே வைத்தான். மாடிப்படியில் யாரோ ஓடிவந்தார்கள். வந்த குரல் கொஞ்சம் கரகரப்பாக, பஸ்ஸை விரட்டிப் பிடித்தவனைப் போல மூச்சு வாங்கியது.

"அஸ்ஸலாமு அலைக்கும். கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். இதெல்லாம் படியில நின்னுக்கிட்டுச் சொல்ற விஷயமில்லை. நான் கிளம்பிட்டேன், நேர்ல வந்து சொல்றேன். அதுவரைக்கும் என்னோடதை என்கிட்டயே விட்டு வைங்க. உம்மா, தலையை நிமித்துங்க. வாப்பும்மா, நான் உங்க பிள்ளைதான். அதை நீங்க சொன்னாலே ஊரு நம்பும்."

எல்லாரும் வஅலைக்கும் ஸலாம் சொன்னார்கள். குரல் படி இறங்கப் போய், திரும்பி வந்தது.

"மாமா, உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

பிறகு போய்விட்டது. கேள்வி அறையிலேயே இருந்தது. எழுந்த கேள்வியைப் பாதியில் விடக் கூடாது என்பதால் டாக்டர் மக்பூலின் பக்கம் திரும்பினார்.

"மக்பூல், இது நடந்து முடிஞ்ச கத்தி. இருந்தாலும் கேக்கணும். உங்க விருப்பம் என்ன?"

அவனை யாரும் அதுவரை 'நீங்க' போட்டுப் பேசியதில்லை. மக்பூல் வாயைத் திறந்தான். தலைமையாசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மீன் ஏலக்காரர் போனார். குக்கர் ஒரு விசில் விட்டது. செய்தி வாசிக்கிறவர் வணக்கம் மட்டும் சொன்னார். எல்லாரும் காலி செய்த பிறகு, அடியில் ஆறு வயதுக் குரல் ஒன்று மிச்சமிருந்தது.

"கிளி எங்க?"

மின்விசிறியிலிருந்து கிளி இறங்கி அவன் தலைமேல் உட்கார்ந்தது.

"அன்னைக்கு அடுத்த தெருவுக்குப் போயிட்டேன்," என்றது. "வீடு மாறிப்போச்சு. மன்னிச்சிரு."

கிளி பேசிய அந்தக் குரலை ஊரில் யாரும் கேட்டதில்லை. மக்பூலுக்கு மட்டும் அது தன்னுடையது என்று தெரிந்தது. அவன் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல்.

மாமி ஜன்னலைத் திறந்தார். "பண்டாரி, தம்மைப் பிரிச்சிராதீங்க. பிள்ளை கிளம்பிட்டான், வந்துருவான்."

பண்டாரி சரி என்று பதினெட்டு வருஷத்துக்கான கரியை மூடியின் மேல் அள்ளிப் போட்டார். விருந்தாளிகள் கை கழுவிக்கொண்டு, சஹன் தட்டுக்கு நாலு பேராக வந்து உட்கார்ந்தார்கள். கழுவிய கை என்பதால் யாரும் எதையும் தொடவில்லை.