கைப்பிடி அரிசியும் மாலைக் கல்லூரியும்

அவசரகாலச் சட்டம் அமலிலிருந்த மலாயாவில், சிரம்பானில் ஒரு வட்டிக்கடைக் கிட்டங்கியின் மாடியில் நடந்த மாலைக் கல்லூரிக்கு முதல்வனான நாளிலிருந்து விசுவநாதனுக்கு உட்கார நேரமில்லை. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு வெளியே போகும் சீட்டு வாங்க வேண்டும். ஊரடங்குக்குள் அவர்களை லாரியில் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கூட்டம் கூடப் போலீஸ் தந்த அனுமதி. அது போனால் கல்லூரி போயிற்று. மாணவர்கள் எல்லாரும் தோட்டப் பள்ளிகளில் தற்காலிக ஆசிரியர்கள். அடுத்த மாதம் பரீட்சை; எழுதக் கிடைக்கும் வாய்ப்புகள் தீருமுன் தேறாதவர்கள் மறுபடி பால்மரம் வெட்டத்தான் போக வேண்டும்.

அவர்களுக்குத் தெம்பூட்ட நினைத்தான். விஜயதசமிக்கு ஆளுக்கொரு கைப்பிடி அரிசி கொண்டுவரச் சொன்னான். ஒரே தாம்பாளத்தில் கொட்டி, அதில் எல்லாரும் விரலால் எழுதிப் பாடம் தொடங்கலாம் என்றான். அவன் பட்டணத்து வட்டிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று, தோட்டத்து முள்வேலியைத் தாண்டி ஒரு மணி அரிசியும் போகக்கூடாது என்ற சட்டம் அவனுக்குத் தெரியும்தான். சொன்னபோது நினைவுக்கு வரவில்லை.

மற்றவர்கள் அவன் முகத்துக்காகத் தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். மயிலம்மாள் மட்டும் சொன்னபடி செய்தாள். முந்தானையில் முடிந்த அரிசியோடு தோட்டத்து வாசல் சோதனையில் பிடிபட்டாள். லாரியில் வந்த தோட்ட அலுவலகக் கிராணி நல்லசாமிதான் செய்தி சொன்னார். அரிசி கோயிலுக்கு என்று சொல்லிவிட்டாளாம். கல்லூரியின் பேரை எடுக்கவே இல்லையாம்.

கிட்டங்கிக்காரரும் கல்லூரிக் குழுத் தலைவருமான அருணாச்சலம் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்தப் பொண்ணே நம்ம பேரச் சொல்லல. நீங்க போய் வாயத் தொறந்தா மாடிக்குப் பூட்டுதான்லா. ஒருத்திக்காக இத்தன பேரையா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவனைப் பிடுங்கித் தின்றது. மறுநாள் காலையில் போலீஸ் நிலையம் வரை போனான், திரும்பினான், மறுபடி போனான். அவளைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டால்? உள்ளே போய், அரிசி கேட்டது தான்தான் என்று சொல்லிவிட்டான்.

அதிகாரி அவளை எச்சரித்து விடுவித்தார். கல்லூரியின் அனுமதியை ரத்து செய்தார்.

வெளியே வந்த மயிலம்மாள் முதலில் கேட்டதே கல்லூரி என்னவாயிற்று என்றுதான். சொன்னான். அவள் முகம் சுருங்கியது.

"நா கேட்டனா சார் உங்கள? கொஞ்ச நாள் உள்ள இருந்துட்டு, அடுத்த வருசம் எழுதியிருப்பேன். எங்ககூடப் படிக்கிற சன்னாசி அண்ணனுக்குப் பரீட்ச எழுத இதான் கடைசி வாட்டி. அவருக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

"உன்ன கப்பலேத்தியிருந்தா?"

"அதெல்லாம் ஏத்த மாட்டாங்க" என்றாள். குரலில் உறுதி இல்லை. நடந்து போய்விட்டாள்.

அன்று மாலை பூட்டிய படிக்கட்டின் கீழே மாணவர்கள் நின்றார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கூட்டம் கூடத்தானே அனுமதி வேண்டும், ஒருவனுக்கு ஒருவன் பாடம் சொன்னால் யார் தடுப்பது என்று அவன் மூளை ஓடியது. துரைமார்களிடம் கெஞ்சித் தோட்டத்துக்குள் தானே போக வேண்டும். ஆனால் பரீட்சைக்குள் எத்தனை தோட்டத்துக்கு ஒரு சைக்கிள் போகும்? யாரை விடுவது?

மறுநாள் மத்தியானம் விசுவநாதன் சன்னாசியின் தோட்டத்து வாசலில் கைகளைத் தூக்கி நின்றான். காவலாளி அவன் சட்டைப்பையை வெளியே இழுத்துத் தடவிப் பார்த்தான். கேட்டைத் திறக்கக் காவலாளி அவசரப்படவில்லை.