பழைய முகவரிக்கே

நாங்கள் வீடு மாறியதற்கு வாடகை காரணமில்லை, தண்ணீரும் காரணமில்லை. கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா எங்கள் கடிதங்களைத் திறந்து படித்துக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக. கெட்டில் ஆவியில் உறையைக் காட்டிப் பிரித்து, படித்து, பசை போட்டு ஒட்டி மாடிப்படியில் வைத்துவிடுவார். ஒட்டுவதையாவது உருப்படியாக ஒட்டக்கூடாதா? ஓரமெல்லாம் பசை பிதுங்கி நிற்கும். என் கணவருக்குச் சம்பளம் உயர்ந்ததையே அந்த அம்மா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

கேட்டால், "வரும்போதே பிரிஞ்சுதான்மா இருந்துச்சு" என்பார், முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல்.

காலி செய்த அன்று வாசலில் நின்று, "எந்தப் பக்கம் போறீங்க?" என்று கேட்டார். "பக்கத்துலதான்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். அந்த ஒரு பதிலில் எனக்கு எவ்வளவு ஆனந்தம் என்று சொன்னால் என்னை அற்பம் என்பீர்கள். அற்பம்தான்.

என் வேலையே முகவரி மாற்றுவது. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அந்தக் கவுண்ட்டரில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் இரண்டே வாக்கியம் சொல்வேன். ஒன்று, "வாய்ல சொன்னா ஆகாது, எழுதிக் குடுங்க." இன்னொன்று, "உறுதிக் கடிதம் பழைய முகவரிக்குத்தான் வரும்." அங்கிருந்துதானே வந்துவிட்டோம் என்று சண்டை போடுவார்கள். உங்கள் பெயரைச் சொல்லி வேறு யாராவது முகவரியை மாற்றிவிட்டால் உங்களுக்குத் தெரிய வேண்டாமா, உங்கள் நன்மைக்குத்தான் என்று பொறுமையாக விளக்குவேன். பொறுமை என்பது நான் வைத்துக்கொண்ட பெயர். வரிசையில் நிற்பவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

ஆகவே எங்கள் முகவரி மாற்றத்தை நான் எவ்வளவு ஒழுங்காகச் செய்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் பதினேழு இடங்களின் பட்டியல். வங்கி, மின்சாரம், நூலகம், என் மாமனார் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகியும் அவர் பெயருக்கு வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டிருந்த ஓய்வூதியர் சங்கம் உட்பட. முதலில் எழுதியிருந்தது கண் ஆஸ்பத்திரி.

என் கணவர் பஸ் டிரைவர். வலது கண்ணில் படலம் விழுந்ததும் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு, டிப்போவில் பயணிகள் தவறவிட்ட சாமான்கள் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். குடைகளுக்குச் சீட்டு எழுதிக் கட்டுவதுதான் வேலை. "குடையோட குடையா என்னையும் யாராவது வந்து கேப்பாங்களான்னு பாக்கறேன்" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆபரேஷன் வரிசையில் அவர் பெயர் பதினான்கு மாதமாக நகர்ந்துகொண்டிருந்தது. தேதி கடிதத்தில்தான் வரும். போனில் சொன்னால் சொல்லவேயில்லை என்று சண்டைக்கு வருகிறார்களாம்.

ஆஸ்பத்திரிக்கு நானே நேரில் போய் விண்ணப்பம் கொடுத்தேன். கவுண்ட்டர் பெண் தலை நிமிராமல் சொன்னாள். "உறுதிக் கடிதம் பழைய முகவரிக்கு வரும். பதினஞ்சு நாள்ல கையெழுத்துப் போட்டு அனுப்பணும். வரலைன்னா ஆள் ஊர்ல இல்லைன்னு பேரக் கடைசிக்குத் தள்ளிடுவோம்."

எவ்வளவு சரியான நடைமுறை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

"பழைய முகவரிக்கா?" என்றார் கணவர்.

"ஆமா. அதானே முறை" என்றேன். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் போய்க் கெஞ்சினேன். கடிதத்தைக் கையிலேயே கொடுத்துவிடுங்கள், நானும் இதே வேலைதான் பார்க்கிறேன் என்றேன். "அப்ப உங்களுக்கே தெரியுமே" என்றாள் அந்தப் பெண், மிகவும் பொறுமையாக.

பன்னிரண்டு நாள் ரோஷத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். பதின்மூன்றாம் நாள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பழைய வீட்டுக்குப் போனேன்.

"லெட்டரா? அது வந்து ஒரு வாரமாச்சே" என்றார் வீட்டுக்காரம்மா. "பதினஞ்சு நாள்ல அனுப்பலைன்னா பேரத் தள்ளிடுவோம்னு போட்டிருந்தான். நான் எங்கன்னு உன்னைத் தேடுவேன்? நீதான் அட்ரஸ் சொல்லலையே. அதான் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

"அவர் கையெழுத்தையா?"

"மூணு வருஷமா பாக்கறேனே. அந்த வளைவு மட்டும் கொஞ்சம் கஷ்டம். முகவரி மாறுகிறதா, ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம் இருந்துச்சு. ஆம்னு போட்டா புது அட்ரஸ் எழுதணும். எனக்கு எங்க தெரியும்? இல்லைன்னு போட்டேன்."

பிறர் கடிதத்தைத் திறந்தது ஒன்று, கள்ளக் கையெழுத்து இரண்டு, பொய்த் தகவல் மூன்று. என் கவுண்ட்டரில் இதைச் செய்தவரைப் போலீஸில் பிடித்துக் கொடுத்திருப்பேன். "ரொம்ப நன்றிக்கா" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

அதோடு வந்திருக்கலாம். இல்லை என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் ஆறு மாதத்துக்கு மறுபடி மாற்றக் கேட்க முடியாது. அதுவரை ஆஸ்பத்திரிப் பதிவில் பழைய முகவரிதான் என்றாகிவிட்டதால், புது முகவரியை எழுதிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் கணவர் வந்து பார்ப்பார் என்றேன். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனா அடுத்தவங்க லெட்டரத் திறக்கறது தப்புக்கா. வந்தா அப்படியே வைங்க." அவர் முகம் சுண்டிப் போனது. சரி என்றார்.

ஏழு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் கதவைத் தட்டினார். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் உறை. ஓரத்தில் பசை இல்லை.

"திங்கக்கெழமை வந்துச்சு. நாலு நாளா ஃபிரிட்ஜ் மேல வச்சு அதையே பாத்துட்டு இருக்கேன். தூக்கம் வரல. ஞாயித்துக்கெழமை வரைக்கும் என்னால முடியாது. நீயே திற. என்னன்னு மட்டும் சொல்லிடு."

திறந்தேன். நாளை காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு வர வேண்டும். வராவிட்டால் பெயர் கடைசிக்குப் போகும்.

கணவர் கடிதத்தை வாங்கி இடது கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு போய்ச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார்.

"அக்கா, இனிமே எங்களுக்கு எது வந்தாலும் நீங்க திறந்து படிச்சிடுங்க" என்றேன்.

வீட்டுக்காரம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "வாய்ல சொன்னா எப்படி? நாளைக்கு நீயே தப்புன்னு சொல்லுவ. எழுதிக் குடு."

எழுதினேன். எங்கள் பெயருக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் திறந்து படிக்க இதன்மூலம் சம்மதிக்கிறேன் என்று, அலுவலக நடையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"இது உன் கையெழுத்து மாதிரியே இல்லையே" என்றார். "கை நடுங்குதா? கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, அப்புறமா போடு."