செர்ரி கலர் கைப்பிடி

விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு கையில் ஸ்பானரும் மறு கையில் கருங்கல்லுமாக சைக்கிள் ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்டும் பிழைப்பு எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது என்று கமலவேணி நினைத்துக்கொண்டாள். இறக்கி வைக்க வேண்டியது புருஷன் வேலாயுதத்தின் பொறுப்பு. ராத்திரி வேலை முடிந்து வந்ததும் அவள் உயரத்துக்கு ஹேண்டிலை இறக்கி வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலேயே பேச்சு. மாமியார் முன்னால் சத்தியம் செய்யாத குறை. ஆனால் அவன் இறக்கியதாகச் சரித்திரம் கிடையாது. நடு போல்ட்டைத் தளர்த்தி, அதன் தலையில் கல்லால் நாலு தட்டு தட்டி, முன் சக்கரத்தை முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருகி அழுத்தினால்தான் அது மனசு வந்து இறங்கும். அவள் தட்டுகிற சத்தத்தில் தெரு நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன. உள்ளே குறட்டை மட்டும் ஓயவில்லை.

இரண்டு பேருக்கு ஒரு சைக்கிள். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அவள் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போக வேண்டும். அந்நேரத்துக்கு ஊரிலிருந்து பஸ் கிடையாது. தோல் பதனிடுகிற ஷாப்பில் ராத்திரி பத்தரைக்கு வேலை முடிந்து அவன் திரும்ப வேண்டும். அந்நேரத்துக்கும் பஸ் கிடையாது. பகலில் பஸ் உண்டு. ஆகவே மதியம் இரண்டேகால் மணிக்கு ரயில்வே கேட்டில் அவன் பஸ்ஸிலிருந்து இறங்குவான், அவள் சைக்கிளிலிருந்து இறங்குவாள். சைக்கிள் கை மாறும். அவன் வந்த பஸ் திரும்பும்போது அவள் ஏறிப் போய்விடுவாள். புருஷனும் பெண்டாட்டியும் கண் திறந்த நிலையில் ஒருவரையொருவர் பார்ப்பது அந்தக் கால் மணி நேரம்தான். அதிலும் முக்கால்வாசி சைக்கிளைப் பற்றிய சண்டையிலேயே போய்விடும்.

வாங்கியது லேடீஸ் சைக்கிள், பழசு. சேலையோடு ஏற வேண்டும் என்பதால் அதில் அவனும் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் அவன் ஆறடிக்கு நெருக்கமானவன். ஹேண்டில் தாழ்ந்திருந்தால் மிதிக்கும்போது முட்டி போய் இடிக்கிறது என்பான். உயர்ந்திருந்தால் அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். தினம் ஏற்றி இறக்கியதில் உள்ளே போல்ட் தேய்ந்து, சில நாள் ஹேண்டில் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் போகும்.

பெடல் இன்னொரு ரோதனை. பழைய ரப்பர் பெடல் தேய்ந்து வழவழத்துப் போனபோது மாற்றச் சொல்லிக் காசு கொடுத்தாள். இரும்புப் பல் வைத்த பெடலை வாங்கிப் பூட்டிவிட்டு வந்து, "இனிமே வழுக்கவே வழுக்காது பாரு" என்றான். அவனுக்கு வழுக்காதுதான். முட்டிவரை ரப்பர் கம்பூட்டோடு, கொழுப்பும் சுண்ணாம்புத் தண்ணியும் சொட்டச் சொட்ட மிதிக்கிறவனுக்குப் பல் வேண்டும். அவளுக்கு? ஹவாய் செருப்பின் அடியை அந்தப் பல் கடித்துக் குதறிற்று. சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஒரு நாள் நடுரோட்டில், லாரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, பெடலோடு சேர்ந்த சேலையைக் கிழித்து எடுத்துக்கொண்டு அவள் அழாத குறையாக நின்றாள். அதைச் சொன்னதற்கு, "அப்டின்னா ஷூ போட்டுக்கோ. ஊருக்கே ஷூ தைக்கிற, உனுக்கு ஒண்ணு கெடைக்காதா?" என்று யோசனை வேறு சொன்னான். சேலை கட்டிக்கொண்டு ஷூ போட்டு சைக்கிளில் போனால் ஊர் எப்படிச் சிரிக்கும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. கடைசியில் அவளே கடைக்குப் போய் ரப்பர் பெடலை வாங்கி மாட்டிக்கொண்டாள். அதிலிருந்து அவன் கால் வழுக்குகிறது, முழங்காலில் சிராய்ப்பு என்று அவன் முறை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளால் பொறுக்க முடியாதது கலர். வேலாயுதம் வேலை செய்வது சாயம் போடும் டிரம்மில். அந்த வாரம் எந்தக் கலர் ஓடுகிறது என்று அவள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. ஹேண்டில் பிடியைப் பார்த்தால் போதும். எத்தனை கழுவினாலும் அவன் கை ரேகையில் தங்கியிருக்கிற சாயம் பிடியில் ஏறும். காலையில் வியர்த்த கையோடு அவள் பிடிக்க, அங்கிருந்து அவள் உள்ளங்கைக்கு வரும். கறுப்பு ஷூ ஓடியவரை யாரும் கவலைப்படவில்லை. இப்போது அவள் லைனில் ஓடுவது வெளிநாட்டுக்குப் போகிற வெள்ளை லேடீஸ் ஷூ. திங்கட்கிழமை ஒரு வெள்ளை ஷூவின் மேல்தோலில், போன வாரத்துக் காப்பிக் கலரில், விரல் தடம் விழுந்திருந்தது. சூப்பர்வைசர் அந்தோணி அதைத் தூக்கிப் பிடித்து லைன் முழுக்கக் காட்டினார்.

நாளைக்கு, வெள்ளிக்கிழமை, மேனேஜர் லைனுக்கு வருகிறார். வெள்ளையில் கை சுத்தமாகத் தைக்கிறவர்களைப் பார்த்து ரெண்டு பேரைப் பர்மனென்ட் பண்ணப் போகிறார். டெம்பரவரியாகவே வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற கமலவேணிக்கு இதைவிட்டால் அடுத்து எப்போது என்று சொல்வதற்கில்லை. ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்புவது டெம்பரவரிகளைத்தான். நேற்று ரயில்வே கேட்டில் இதையெல்லாம் சொல்லி, கேட்கிறானா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் கத்தித் தீர்த்துவிட்டு பஸ் ஏறினாள்.

கேட்டிருக்கிறான். ஹேண்டிலை இறக்கி முடித்துப் பிடியைப் பிடித்தபோது கைக்கு மெத்தென்று ஏதோ பட்டது. இரண்டு பிடிக்கும் தோலில் உறை தைத்துப் போட்டிருந்தான். தெருவிளக்கில் கறுப்பாகத்தான் தெரிந்தது. தையல் கோணல்மாணல், ஷூ தைக்கிறவள் கண்ணுக்கு அது தையலே இல்லை. ஆனாலும் தோல் நல்ல தோல். வேலை முடித்து வந்த களைப்பில், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்து தைத்திருக்கிறான். ஹேண்டிலை இறக்கத் தோன்றவில்லை, உறை தைக்கத் தோன்றியிருக்கிறது. இவனை என்னவென்று சொல்வது என்று தலையில் அடித்துக்கொண்டாலும், மெயின் ரோட்டை எட்டும்வரை அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

மின்னூர் தாண்டும்போது தூறல் பிடித்தது. பலத்த மழை இல்லை, நச நச என்று விடாத மழை. முகத்தில் வழிந்த தண்ணீரை இரண்டு மூன்று தரம் கையால் துடைத்துக்கொண்டாள். கம்பெனி கேட்டில் டியூப்லைட்டுக்குக் கீழே இறங்கியபோது வாட்ச்மேன் பதறிப்போய் ஓடி வந்தான்.

"இன்னாம்மா, எங்கனா வுழுந்துட்டியா? மூஞ்செல்லாம் ரத்தம்!"

அவள் கையைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையும் செக்கச்செவேல் என்று, விரல் நுனிவரை, ரேகைக்குள்ளே எல்லாம் ஊறி நின்றது. செர்ரி. இந்த வாரம் அவன் ஷாப்பில் ஓடுவது செர்ரி. சாயம் இறுகாத வெட்டுத் துண்டை, மேலே பாலிஷும் அடிக்காததை, அழகாக இருக்கிறதே என்று எடுத்துவந்து தைத்திருக்கிறான். தினம் எட்டு மணி நேரம் சாயத்திலேயே கிடக்கிறவனுக்குத் தண்ணீர் பட்டால் அது விடும் என்று தெரியாதா? உறையைப் பிய்த்து எறியலாம் என்றால், பாவி மனுஷன் மெழுகு நூலில் அதை மட்டும் கெட்டியாகத் தைத்திருந்தான்.

குழாயடியில் சோப்பு போட்டாள். மண் போட்டுத் தேய்த்தாள். பக்கத்து மெஷின் ரஃபத் ஜஹான் பசை துடைக்கிற தின்னரைக் கொஞ்சம் துணியில் நனைத்துக்கொண்டு வந்தாள். தோல் எரிந்ததே தவிரக் கலர் அசையவில்லை. முகத்தில் இருந்தது மட்டும் ரோஜாப்பூக் கலருக்கு இறங்கியது.

"இன்னா கமலா, கல்யாணப் பொண்ணாட்டம் மருதாணி வெச்சிக்கினு வந்துக்கிற!" என்று சிரிக்க ஆரம்பித்த ரஃபத், கமலவேணியின் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "பேஜாராவாத. நான் சார்கிட்ட சொல்றேன்."

சொல்வதற்கு முன் அந்தோணியே வந்துவிட்டார். அவளுடைய இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"இன்னாம்மா இது?"

"எங்க வூட்டுக்காரரு சைக்கிள் கைப்பிடிக்குத் தோல் கவர் தச்சாரு சார். மழைல சாயம் வுட்டுட்ச்சி."

"அவுரு தோல் ஷாப்புல தான வேல செய்றாரு?"

"ஆமா சார். சாயம் போடற எடத்துல."

அந்தோணி மூச்சை இழுத்து விட்டார். "இன்னைக்கி நீ வெள்ளைல கை வெக்காத. கறுப்பு லைன்ல போய் அட்டப்பெட்டி தூக்கு. நாளைக்கிக் காலைல கை சுத்தமா வந்தா ஒக்காரு. இல்லன்னா ஒன் மெஷின்ல வேற பொண்ண ஒக்கார வெக்கிறத வுட்டா எனுக்கு வேற வழி இல்ல. தப்பா நெனச்சிக்காத."

எட்டு மணி நேரம் பெட்டி தூக்கினாள். ஒவ்வொரு பெட்டியிலும் வேலாயுதத்துக்கு ஒரு வார்த்தை சேர்த்துவைத்தாள். கேட்கவே கூசுகிற வார்த்தைகள் சில அதில் இருந்தன. தன்னுடைய மெஷின் அந்தப் பக்கம் உறை போட்டு மூடிக் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் பார்த்தாள். இன்னொருத்தி நாளைக்கு வந்து, ஸ்டூலைத் தன் உயரத்துக்கு மாற்றிக்கொண்டு உட்காருவாள்.

ரயில்வே கேட்டில் அவன் முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் பல்.

"கவரு எப்டி? கைக்கு நல்லா இர்ந்திச்சா?"

காலையிலிருந்து அவள் சேர்த்துவைத்த அத்தனை வார்த்தையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, எது முதலில் வருவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினாள்.

வேலாயுதம் ஒரு கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தான். "யப்பா! இன்னாமா புடிச்சிக்குது பாரு" என்றான். "டிரம்முல சாயம் புடிக்க ஆசிட் ஊத்தியும் தோல்ல இப்டி ஏறல. எங்க சாய மாஸ்டர் தலையால தண்ணி குடிக்கிறாரு."

"யோவ்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கேட்டில் நின்ற மாட்டு வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். "நீ மனுஷனாயா? எம் பொழப்புல மண்ண போட்டுட்டு, கலர் நல்லா ஏறிக்குதுன்றியே! காலைலருந்து பொட்டி தூக்கறேன்யா. நாளைக்கிக் காலைல இது போவலன்னா எம் மெஷினு வேற ஒருத்திக்கு. பர்மனென்ட்டும் அவளுக்கு. ஒன்ன யார்யா கவரு கேட்டது? ஹேண்டில எறக்கி வைய்யின்னு தான சொன்னேன்? ரெண்டு வருஷமா அது ஒண்ணுதான சொல்றேன்?"

அவன் சிரிப்பு அணைந்துவிட்டது. "காஞ்சிட்ச்சே, இனிமே வுடாதுன்னு நெனச்சேன்" என்றான். அப்புறம், "மழ வரும்னு நெனைக்கல" என்றான். பிறகு ரோட்டைத் தாண்டி வெற்றிலை பாக்குக் கடைக்குப் போனான். ஓடுகிறானே, தன்னை இப்படியே விட்டுவிட்டுப் போகிறானே என்று அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

திரும்பி வந்தபோது அவன் கையில் வெற்றிலையில் மடித்த ஒரு உருண்டை சுண்ணாம்பும், ஒரு பார் சோப்பும், கடைக்காரன் கொடுத்த ஒரு சொம்புத் தண்ணீரும் இருந்தன. "ஆசிட் ஊத்தி ஏத்தற சாயம் இது, சுண்ணாம்புக்குக் கொஞ்சம் எளகும். எரியும், பொறுத்துக்க" என்றான். ரோட்டோரத்தில், வருகிற போகிற அத்தனை பேர் முன்னாலும், அவள் கையை எடுத்துத் தன் முழங்கையில் தாங்கிக்கொண்டு சுண்ணாம்பைத் தடவினான்.

எரிந்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அவன் விடவில்லை. ஒவ்வொரு விரலாக, ரேகை ரேகையாக, நகக்கண்வரை தேய்த்தான். தண்ணீர் ஊற்றினான். சோப்பு போட்டான். மறுபடியும் சுண்ணாம்பு. துடைத்த அவன் கழுத்துத் துண்டில் வெளிறிய சிவப்பு இறங்கிற்று. உள்ளங்கையில் கொஞ்சம் குறைந்தது போலவும் இருந்தது, அப்படியே இருப்பது போலவும் இருந்தது. அவன் குனிந்திருந்தான். உச்சியில் முடி கொட்டியிருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். இவன் தன் கையைப் பிடித்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்தாள்; யோசித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

அவள் போக வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போனது.

தோல் ஷாப் சங்கு ஊதியது. ஷாப் கேட்டை மூடப் போகிறார்கள் என்று அர்த்தம். ஒரு நிமிஷம் தாமதமானாலும் உள்ளே விடமாட்டார்கள். இந்த ஷாப்பில் சேர்ந்ததிலிருந்து அவன் ஒரு நாளும் சங்குக்கு அப்புறம் போனதில்லை.

"ஊதிட்டான்யா. போ."

அவன் நிமிரவில்லை.

"போய்யான்றேன். ஒனுக்கும் வேல போவணுமா?"

"ஊதட்டும்" என்றான் அவன், சுண்டு விரலைத் தேய்த்துக்கொண்டே.

ஜோலார்ப்பேட்டைப் பக்கமிருந்து கூட்ஸ் ஒன்று வந்து, தரை அதிர, முடிவே இல்லாமல் போயிற்று. ரயில்வே கேட்டைத் தூக்கினார்கள். பின்னால் நின்ற சைக்கிள்களும் லாரியும் வழி விடச் சொல்லி மணியும் ஹாரனும் அடித்தன. யாரோ என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள். கமலவேணி சைக்கிளை இன்னும் ஓரமாக நகர்த்தி இடுப்பில் சரியாகச் சாய்த்துக்கொண்டாள். பிறகு, அவன் கேட்பதற்கு முன்னாலேயே, இன்னொரு கையை அவன் பக்கம் நீட்டினாள்.