மூணாவது மாடிக் காவலாளியோட நினைப்பு

"கூட வேலை பாக்கிறவன் கண்ணெதிர்லயே அந்தரத்துல மிதக்கிறான். இந்தக் காவலாளி 'காத்தா இருக்கும்'னு சொல்லிட்டு நடையைக் கட்டுறான். இதை எழுதினவன் மூளையைக் கழட்டி வச்சுட்டு எழுதினானா?" அஞ்சுக்கு ரெண்டு நட்சத்திரம்.

எழுதினவன் இல்லடா, எழுதினவ. அதுவும் 'காத்தா இருக்கும்'னு நான் எழுதினது ஜன்னல் ஆடுற இடத்துக்கு. அதைக் கொண்டுபோய் ஆள் மிதக்கிற இடத்துல ஒட்டினது எவனோ. திட்டு மட்டும் எனக்கு.

விஷயத்தை முழுசா சொல்லிடறேன், இல்லாட்டி நெஞ்சு வெடிச்சிடும். அது ஒரு வீடியோ கேம். பன்னெண்டு மாடிக் கட்டடத்துக்குள்ள ஒருத்தி ஒளிஞ்சு ஒளிஞ்சு போகணும். கையில ஆயுதம் கிடையாது, மனசுதான் ஆயுதம். மனசாலயே பீரோவைத் தூக்குவா, பூட்டைத் திறப்பா. தூணுக்குப் பின்னால நின்னு காவலாளிங்க மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு கேப்பா. அந்த ஓடுறது இருக்கே, அது பூரா நான் எழுதினது. ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு நினைப்பு. பதினாலு மாசம்.

கேம் வெளிய வந்ததும் ஆடினவங்க எழுதுறதையெல்லாம் ஒண்ணு விடாம படிச்சேன். "பொருளைத் தூக்கி எறியறது முதல் ரெண்டு மாடி வரைக்கும் ஜோர். அப்புறம் வீடு மாத்துற வேலை மாதிரி இருக்கு"ன்னு ஒருத்தன். வாய்விட்டுச் சிரிச்சுட்டேன், உண்மைதானே. "ஒளிஞ்சு ஆடுற கேம்னு சொல்றீங்க, ஒளியறதுக்கு மாடிக்கு ஒரு மேஜைதான் போட்டிருக்கீங்க"ன்னு ஒரு பொண்ணு. அவ பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா குறை சொன்னவங்ககூடக் கடைசியில ஒரே இடத்துலதான் வந்து நின்னாங்க.

"மூணாவது மாடிக்காரனை என்னால அடிக்க முடியல. பொண்ணுக்கு ஷூ வாங்கணும், அளவு முப்பத்தொண்ணு, மறந்துடக் கூடாதுன்னு திரும்பத் திரும்ப நினைச்சுக்கிட்டே நடக்கிறான் பாவி. அவனைத் தொடாம சுத்திப் போயிட்டேன்." இதை மட்டும் நாலு தடவை படிச்சேன்.

அது என் பொண்ணோட ஷூ. ஆபீஸுக்கே போன் போட்டு "அம்மா, முப்பத்தொண்ணு, மறக்காத"ன்னா. கையில பேப்பர் இல்ல, திறந்திருந்த ஃபைல்ல தட்டி வச்சேன். எங்க வேலையில இது பழக்கம்தான். சரியான வரி அமையுற வரைக்கும் கையில வர்றதைப் போட்டு இடத்தை நிரப்புவோம், அப்புறம் அழிச்சுடுவோம். இதை அழிக்க மறந்துட்டேன். ஷூ வாங்கவும் ஒரு மாசம் மறந்தேன், அது வேற கதை.

எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கேம்ல லிஃப்ட் கதவு தப்பாத் திறக்குதுன்னு திட்டிக்கிட்டே பதினோரு நாள் ஆடி முடிச்சார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் "எல்லாரும் வாங்க, அம்மா பேர் வரப்போகுது"ன்னு கூப்பிட்டார். பொண்ணு டிவிக்கு முன்னால தரையில உக்காந்துட்டா. பேர் ஒண்ணொண்ணா மேல ஏறிச்சு. படம் வரைஞ்சவங்க, சத்தம் சேத்தவங்க, காபி மெஷின் நிரப்புறவர், முதலாளி வீட்டுப் பூனை ரெண்டு. பூனைக்குப் பேர் இருக்கு! 'காவலாளிகளின் எண்ணங்கள்'னு வந்துச்சு. கீழே எங்க முதலாளி பேர்.

"அம்மா பேர் எங்கம்மா?"ன்னா என் பொண்ணு. வகுப்புல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாளாம். "வரும், பாரு"ன்னார் அவர். வரல. அவர் திரும்ப முதல்லேர்ந்து ஓடவிட்டார். பூனை ரெண்டும் திரும்பவும் போச்சு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா பொத்துக்கிட்டு வந்துச்சு. பெத்த பிள்ளை முன்னால பொய்க்காரி ஆகி உக்காந்திருந்தேன்.

மறுநாள் காலையில நேரா ஆபீஸ். முதலாளிக்கு நாங்க வச்ச பேர் சபாஷ். எதைக் கொண்டுபோனாலும் படிக்க மாட்டார், 'சபாஷ்'னு சொல்லி அனுப்பிடுவார். ஆடினவங்க எழுதுறதையும் படிக்கிறதில்ல, நட்சத்திரத்தை மட்டும் எண்ணுவார்.

"வாங்க வாங்க, நானே கூப்பிடணும்னு இருந்தேன்"ன்னார்.

"சார், என் பேர் எங்க?"

"அது ஒண்ணுமில்லம்மா. வெளியீட்டு அன்னிக்கு வேலையில இருக்கிறவங்க பேர்தான் போடறது. நம்ம ஆபீஸ் வழக்கம். உங்க ஒப்பந்தம் அதுக்கு ஒன்பது நாளைக்கு முன்னாலயே முடிஞ்சுடுச்சு இல்லையா?"

"உங்க பூனை எத்தனை நாள் வேலை பாத்துச்சு சார்?"

சிரிச்சார். சிரிப்பாம்! "அந்த இடம் காலியா இருக்கக் கூடாதேன்னு என் பேரைப் போட்டேன். அடுத்த கேம்ல உங்க பேர் முதல்ல வரும், போதுமா? இப்ப அவசரமா ஒரு உதவி. அடித்தளம்னு புதுசா ஒரு பகுதி விடறோம். காவலாளி நினைப்பு இன்னும் வேணும்னு ஜனம் கேக்குதாம். நாப்பது எழுதிக் குடுங்க. ஒரு பூட்டின கதவு இருக்கு, அதுக்கு எண்ணும் நீங்களே வச்சிடுங்க."

"முதல்ல பேர்."

"எழுதுங்க, பாத்துக்கலாம்."

கழுவுற மீன்ல நழுவுற மீன் இந்த ஆள். வெளிய வந்தா, கேமுக்கு ப்ரோகிராம் எழுதுற பொண்ணு, கண்ணாடின்னு கூப்பிடுவோம், என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "எழுதாதீங்கக்கா. சனிக்கிழமை அவரே எல்லாரும் பாக்க நேரலையில ஆடிக் காட்டப்போறாராம். 'எண்ணங்களை எழுதியவர்'னு விளம்பரமே போயிடுச்சு."

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு கேட்டிருக்கேன். இப்பத்தான் நெய்க்குச் சொந்தக்காரியா நின்னு பாக்கிறேன். நான் எழுதாட்டி வேற யாரையாவது எழுத வச்சு, அதையும் தானே எழுதினதாச் சொல்வார். நான் எழுதறேன்னு உக்காந்துட்டேன்.

மூணு நாள்ல நாப்பதும் முடிஞ்சுது. ஃபைலை அவர் மேஜையில திறந்து வச்சு, "சார், நாப்பதாவதை மட்டுமாவது படிங்க"ன்னேன். மனசார சொன்னேன். படிச்சிருந்தா அழிச்சிருப்பார், நானும் வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

"உங்க எழுத்தை நான் சரிபாக்கணுமா? சபாஷ்!"னு கீழ இருந்த 'ஓகே' பட்டனை அமுக்கிட்டார். நல்லாயிருப்பா மகராசா.

சனிக்கிழமை சாயங்காலம் நாங்க மூணு பேரும் டிவி முன்னால. எட்டாயிரம் பேர் பாக்கிறதாப் போட்டிருந்துச்சு. புதுச் சட்டையில சபாஷ். பாக்கிறவங்க எழுதுறது பக்கவாட்டுல ஓடிக்கிட்டே இருக்கு. "மூணாவது மாடிக்காரனை எப்படி எழுதினீங்க?"ன்னு ஒருத்தர். "அதெல்லாம் உள்ளேர்ந்து வர்றது"ன்னார். என் வீட்டுக்காரர் ரிமோட்டைத் தரையில வச்சார், இல்லாட்டி விட்டெறிஞ்சிருப்பார்.

தட்டுத் தடுமாறி அடித்தளத்துக்கு வந்துட்டார். பூட்டின கதவு, பக்கத்துல நாப்பதாவது காவலாளி. தூணுக்குப் பின்னால நின்னு கேட்டார். காவலாளி மனசு பேசிச்சு:

"இந்தக் கதவுக்கு எண் வச்சவன் மூணாவது மாடிக்காரன். பொண்ணோட ஷூ அளவையே வச்சிருக்கான். ஆனா வாசல் பலகையில வேற ஒருத்தர் பேர் தொங்குது. இப்படியே போனா, நான் நினைக்கிறதைக்கூட அவர்தான் நினைச்சார்னு சொல்லிடுவாங்க."

"சபாஷ்!"னார் முதலாளி. "இந்த வரிக்காக எத்தனை நாள் தவம் கிடந்தேன் தெரியுமா?"

அப்புறம் கதவுல எண் கேட்டுச்சு. கையை வச்சவர் வச்சபடி நின்னார். இருபதுன்னு போட்டார், சிவப்பு. நாப்பதுன்னு போட்டார், சிவப்பு. பக்கவாட்டுல எழுத்து கொட்டுது. "எழுதினவருக்கே தெரியலையா?" "நாங்கள்லாம் தூக்கத்துலகூடச் சொல்வோமே!" ஒருத்தர் பதிலை எழுதப் போனார்போல, இன்னொருத்தர் "யாரும் சொல்லாதீங்கப்பா, அவருக்கு உள்ளேர்ந்து வரட்டும்"னார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிச்சார் மனுஷன். இன்னொரு தடவை தப்பாப் போட்டா சங்கு ஊதி ஆட்டம் முடிஞ்சிடும்.

"ஒரு நிமிஷம், சின்ன டெக்னிக்கல் கோளாறு"ன்னு கேமராவுக்கு முதுகைக் காட்டினார். என் போன் அடிச்சுது.

ஸ்பீக்கர்ல போட்டேன்.

"அந்த ஷூ என்ன நம்பர்? சீக்கிரம்!"

ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு டிவியும் "அந்த ஷூ என்ன நம்பர்? சீக்கிரம்!"னு அதையே சொல்லுச்சு. மைக்கை அணைக்கலை இந்தப் புத்திசாலி.

"சார், சட்டையில மைக் இருக்கு. உலகமே கேட்டுக்கிட்டிருக்கு."

டிவியில சட்டுன்னு கேமரா பக்கம் திரும்பினார்.

"நம்பர் சொல்றேன். யார்கிட்ட கேக்கறீங்கன்னு முதல்ல அவங்களுக்குச் சொல்லுங்க. என்ன வேலை பாத்தேன்னும் சேத்துச் சொல்லுங்க."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்..."

"அப்போ வச்சிடட்டுமா?"

பக்கவாட்டுல எழுத்து ஓடுறது நின்னு போச்சு. எட்டாயிரம் பேரும் காது குடுத்துக்கிட்டிருந்தாங்கன்னு நினைக்கிறேன். முதலாளி தொண்டையைச் செருமினார். என் பேரைச் சொன்னார். முழுப் பேரையும். "இவங்கதான்... காவலாளிங்க நினைப்பையெல்லாம் எழுதினவங்க. முதல்லேர்ந்து எல்லாத்தையும்."

போன்ல கேட்டேன். எனக்கு ஒண்ணும் தோணல. ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு டிவியில வந்துச்சு பாருங்க, என் பேர், எங்க வீட்டு ஹால்ல, அத்தனை சத்தமா. வீட்டுக்காரர் எழுந்து நின்னுட்டார். என் பொண்ணு "அம்மா! அம்மா பேர்!"னு என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. நம்பர் சொல்ல வேண்டியது நான், வாயைத் திறந்தா அழுகைதான் வருது.

அவதான் போனை வாங்கினா.

"முப்பத்தொண்ணு, அங்கிள்"ன்னா. "ஆனா அது அப்போ. அம்மா உங்க கேமை எழுதி முடிக்கிறதுக்குள்ள எனக்கு முப்பத்திமூணு ஆயிடுச்சு."

ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு அதையும் டிவி சொல்லுச்சு. அவர் முப்பத்தொண்ணு போட்டார். கதவு திறந்துச்சு.