தட்டினால் விட்டுவிட வேண்டும்

நஞ்சம்மாள் வீட்டுக் கொடியில் தடித்த வெள்ளைக் கோட்டு ஒன்று காயத் தொடங்கிய அன்றே எதிர்வீட்டுப் பங்காரம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். ஐம்பத்தைந்து வயதில் இந்த அம்மா தினமும் பஸ் ஏறிக் கோயமுத்தூரில் ஏதோ பேக்கரி வேலைக்குப் போகிறது. மகள் கனடாவில் சம்பாதிக்கும்போது இது தேவையா என்று அன்னூரின் அந்த வீதி ஒரு வாரம் வருத்தப்பட்டது. வருத்தப்படுவதில் அந்த வீதியை மிஞ்ச ஆளில்லை. அடுத்த வாரம் நஞ்சம்மாளின் முன்னங்கை கன்றிப்போய்த் தெரிந்ததும் பேக்கரிக் கணக்கு உதைத்தது. மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள் நஞ்சம்மாள். அவள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

விஷயம் காந்திபுரத்தில், ஒரு மூன்றாவது மாடியில் இருந்தது. கொஞ்ச நாள் முன்பு கீழே ஒரு கடைக்குச் சார்ஜர் வாங்கப் போனவள் பாத்ரூம் எங்கே என்று கேட்க, கடைக்காரர் மேலே கையைக் காட்டினார். மேலே ஒரு ஹால். தரை முழுக்க மெத்தை. தடித்த வெள்ளைக் கோட்டு போட்ட பெண்பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்றது போர்டு. குத்து, உதை கிடையாது. ஆளைத் தரையில் சாய்த்துக் கழுத்தையோ கையையோ பூட்டுவது. தாங்கவில்லை என்றால் எதிராளி மேல் இரண்டு தட்டு. தட்டிய நொடியே விட்டுவிட வேண்டும், அதுதான் முதல் சட்டம். கோச் சாய்ப்ரியா விளக்கிக்கொண்டிருக்க, நஞ்சம்மாளின் கண் ஒரு மூலையிலேயே நின்றுவிட்டது. அங்கே ஒரு பெண் இன்னொருத்தியைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தாள். விடவே இல்லை. நஞ்சம்மாள் வந்த வேலையை மறந்து அன்றே பேர் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் தம்பிதுரை போய் நாலு வருஷம். இருந்தபோதும் தோளில் கை போட்டுத் திரிந்த மனுஷர் இல்லை. ஆனால் தூக்கத்தில் ஒரு கை வந்து மேலே விழும், தென்னை மட்டை மாதிரிக் கனமாக. சலித்துக்கொண்டு தள்ளிவிடுவாள். இப்போது அவளை யார் தொடுகிறார்கள்? ரேசன் கடையில் கைரேகை பதியாதபோது விரலைப் பிடித்து அழுத்துவார்கள், அவ்வளவுதான். மகள் ரித்திகா ஞாயிறு தவறாமல் வீடியோவில் வருவாள். போனை எவ்வளவு கிட்டக் கொண்டுபோனாலும் கன்னத்தில் கண்ணாடிதான் சில்லென்று படும்.

மெத்தைக்கு வந்தால் அங்கேயும் மரியாதை. "ஏனுங்கம்மா, கழுத்தப் புடிக்கட்டுங்களா?" என்று கேட்டுத்தான் பிள்ளைகள் பிடித்தார்கள். வலிக்கும் முன்பே விட்டார்கள். பெரியவர்மேல் கால் பட்டுவிட்டால் போச்சு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். காலும் கையும் பின்னிப் புரளும் ஆட்டத்தில் எத்தனை முறை கால் படும்? ஐந்து நிமிஷச் சுற்றில் மூன்று நிமிஷம் கும்பிடுவதிலேயே போயிற்று. பிடிக்க ஆள் தேடி வந்தவள் நடு ஹாலில் சாமியாக உட்கார்ந்திருந்தாள்.

உம்மல் குல்சும் வந்த பிறகுதான் அதற்கு ஒரு விடிவு. உக்கடத்தில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். காலை ட்ரிப்புக்கும் சாயங்கால ட்ரிப்புக்கும் நடுவில் வருவாள். அவள் கேட்கவுமில்லை, கும்பிடவுமில்லை. பின்னால் வந்து இரண்டு காலையும் இடுப்பில் கொக்கி போட்டு, கழுத்தைச் சுற்றிக் கையை விட்டு இறுக்கினாள். நஞ்சம்மாளின் முதுகு முழுக்க ஓர் ஆளின் சூடு. காதில் மூச்சு. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் தட்டவில்லை. தட்டினால் விட்டுவிடுவாளே.

குல்சுமே பயந்துபோய்க் கையை எடுத்தாள். இந்த வயதில் என்ன வைராக்கியம் என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். இப்படியே ஒரு மாதம் வைராக்கியத்தில் ஓடியது. ஒரு வியாழக்கிழமை குல்சும் போட்ட பூட்டில் நஞ்சம்மாளின் இடது தோள் மளுக்கென்றது. அப்போதும் தட்டவில்லை.

செருப்பு மாட்டும் இடத்தில் குல்சும் மறித்துக்கொண்டாள். "ஏக்கா, தட்டறதுக்கு என்ன?"

நஞ்சம்மாள் வார் மாட்டுவதிலேயே குறியாக இருந்தாள்.

"வலிச்சா தட்டுங்க. புடிச்சிருக்கோணும்னா வாயத் தொறந்து கேளுங்க. ரெண்டும் வேற வேற. உங்க கைய ஒடிச்சுப்போட்டு நான் எங்க போயி நிக்கறது?"

நஞ்சம்மாளுடையது, இன்னும் ரெண்டு தோசை போட்டுக்குங்க என்று ஊரையே வற்புறுத்தத் தெரிந்த வாய். எனக்கு இது வேணும் என்று அதற்குச் சொல்லிப் பழக்கமில்லை.

சனிக்கிழமை ரித்திகா வந்தாள், மூன்று வருஷம் கழித்து. ஏர்போர்ட்டுக்கு வீதியின் சார்பில் பங்காரம்மாவும் காரில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் நஞ்சம்மாள் மனதுக்குள் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெளியே வந்ததும் ரித்திகா பையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஷாம்பூ வாசமும் விமானத்துப் போர்வை வாசமும். நஞ்சம்மாள் கைகளைச் சுற்றிப் போட்டாள். அப்போது, அந்த ஊர்ப் பழக்கமோ என்னவோ, ரித்திகா அம்மாவின் முதுகில் லேசாக இரண்டு தட்டுத் தட்டினாள்.

நஞ்சம்மாளின் கைகள் சட்டென்று விலகிக்கொண்டன.

ரித்திகா அதற்குள் டிராலிப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"கண்ணு, இன்னுங் கொஞ்ச நேரம்..."

"என்னங்கம்மா?"

"ஒண்ணுமில்ல. பெட்டி மூணுதானான்னு கேட்டேன்."

கார் காளப்பட்டி தாண்டும் முன்பே ரித்திகா தூங்கிவிட்டாள். இரண்டு விமானம் மாறி வந்த அலுப்பு. தலை ஆடி ஆடி, கடைசியில் அம்மாவின் தோளில் சாய்ந்தது. இடது தோள். வியாழக்கிழமைத் தோள். தென்னை மட்டை மாதிரிக் கனத்தது.

கோவில்பாளையம் வருவதற்குள் வலி முழங்கை வரை இறங்கிவிட்டது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் நஞ்சம்மாள் பல்லைக் கடித்தாள். கண்ணாடி வழியே எதையும் தவறவிடாத பங்காரம்மா திரும்பிப் பார்த்தாள்.

"புள்ளைய அந்தப் பக்கமாச் சாச்சு உடுங்க. உங்க மூஞ்சியே சரியில்ல."

"இருக்கட்டுமுங்க," என்றாள் நஞ்சம்மாள்.

தட்டுவதற்கு மிச்சமிருந்த அவளுடைய வலது கை மடியில் இருந்தது. அன்னூர் வரும்வரை அதை அசைக்கவே இல்லை.